தீராத புராஸ்டேட் வலி: எந்த மருந்துக்குக் கேட்கும்?

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் மந்தமாக ஒரு வலி. உட்கார்ந்தால் கூடும், எழுந்து நடந்தால் கொஞ்சம் விடும். ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போலவே இருக்கும். விந்து வெளிவரும்போது சுருக்கென்று ஒரு குத்தல். கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது இப்படி இருந்து, சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால், டாக்டர்கள் இதை நாட்பட்ட புராஸ்டேட் அழற்சி வகையில் சேர்ப்பார்கள். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. இடுப்படி வலி நோய் என்றும் சொல்வதுண்டு. நாற்பது வயதுக்காரருக்கும் வரும், இருபத்தைந்துக்கும் வரும். வயதானவர்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கம் வேறு, இது வேறு.

எங்கள் பக்கத்தில் இதை முதலில் சூடு என்றுதான் சொல்வார்கள். வெயிலில் வரப்பில் நின்றதால் சூடு, கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் பைக்கிலேயே அலைந்ததால் சூடு. இளநீர், ஊறவைத்த வெந்தயம், நெருஞ்சில் கஷாயம் என்று பத்துப் பதினைந்து நாள் ஓடும். அப்புறம் மெடிக்கல். மன்னார்குடியில் நான் நிற்கிற மருந்துக்கடைக்கு இந்த வலியோடு வருகிறவர்கள் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவார்கள். பக்கத்தில் பெண்கள் யாராவது நின்றால் தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவார்கள். யாரும் இல்லையென்றால், “தம்பி, அந்த நீர்க்கடுப்பு மாத்திரை அஞ்சு நாளைக்குக் குடு” என்பார்கள். கேட்பது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் முகம் சுருங்கும். அடுத்த கடைக்கு நடப்பார்கள்.

அந்த மாத்திரையைப் பற்றி ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இந்த வலியோடு வருகிறவர்களில் உண்மையிலேயே கிருமி இருப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. 2004-ல் அமெரிக்காவில் 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசினும், சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசினும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை இரண்டும் மிஞ்சவில்லை. அதே சமயம் அந்த வகை ஆன்டிபயாடிக் தசைநாரை அறுக்கக்கூடும் என்று 2008-லிருந்தே எச்சரிக்கை இருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ஒண்ணுக்கு அடைத்துக்கொள்வது, சிறுநீரில் ரத்தம், இவை இருந்தால் கதை வேறு. அது திடீர்க் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அப்படி இல்லாதவர்களுக்கு.

கிருமி இல்லை, ஆனால் அழற்சி என்று பெயரிலேயே இருக்கிறது. அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் சரியாகிவிட வேண்டுமே? இருபத்தைந்து வருடமாக ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு மருந்துகளை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் அனுப்பிய டப்பாவோடும், யூடியூபில் பார்த்த சிகிச்சையின் பெயரோடும் இளைஞர்கள் கடைக்கு வந்து, “அண்ணே, இது கேக்குமா?” என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

எதை வைத்து அளப்பது?

1999-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் ஒரு கேள்வித்தாள் உருவானது. ஒன்பது கேள்விகள், மொத்தம் 43 மதிப்பெண். வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கை எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கு 12. கடைசிக் கேள்வி ஆளை ஒரு நிமிடம் உட்கார்த்திவிடும்: போன வாரம் இருந்த மாதிரியே ஆயுசுக்கும் இருக்கப்போகிறது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மொத்தத்தில் ஆறு புள்ளி குறைந்தால்தான் நோயாளியே “பரவாயில்லை, தேவலாம்” என்று உணர்கிறார் என்பது பின்னால் தெரியவந்தது.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2008-ல் 272 ஆண்களை வைத்து அல்ஃபுசோசின் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 49.3 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில்? அதே 49.3 சதவீதம். இந்த வலி தானாகவே ஏறி இறங்கும் ஜாதி. ரொம்பத் தாங்கமுடியாத நாளில்தான் ஆள் டாக்டரிடம் போகிறார். அங்கிருந்து அது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நடுவில் எதைச் சாப்பிட்டாலும் பேர் அதற்குத்தான் போகும். அதனால் “என் மாமாவுக்கு இதில் பாதி குறைஞ்சுது” என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் பார்ப்பது மூன்று விஷயம். வெற்றுச் சிகிச்சையை விட எவ்வளவு கூடுதல்? நிறுத்திய பிறகு எவ்வளவு மிச்சம்? அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது?

வலி மாத்திரைகள்

கடையில் அதிகம் ஓடுவது இதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கொஞ்சம் விவரமானவர்களுக்கு செலிகாக்சிப். இந்தக் குடும்பத்தில் புராஸ்டேட் வலிக்கென்று ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது ரோஃபெகாக்சிப். 2003-ல் 161 ஆண்கள், ஆறு வாரம், ஒரு குழுவுக்கு 25 மில்லிகிராம், ஒரு குழுவுக்கு 50, மூன்றாவது குழுவுக்கு வெற்று மாத்திரை. 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு வலி கொஞ்சம் தணிந்தது, ஆனால் மொத்த மதிப்பெண்ணில் உறுதியாகச் சொல்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டே, 2004 செப்டம்பரில், மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக அந்த மருந்து உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் அதே ஆண்டு தடை.

செலிகாக்சிப் பிழைத்துக்கொண்டது. 2009-ல் சீனாவில் 64 ஆண்களுக்குத் தினம் 200 மில்லிகிராம் என்று ஆறு வாரம் கொடுத்தபோது வலியும் மொத்த மதிப்பெண்ணும் வெற்று மாத்திரையை விட நன்றாகவே குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் அந்த வித்தியாசம் போய்விட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இந்த மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறுவதைத் தடுக்கின்றன. உள்ளே இருக்கும்வரை தடுக்கும், அவ்வளவுதான். 2019-ல், உலக மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு இந்தக் குடும்பத்து ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது, வெற்று மாத்திரையை விடச் சராசரியாகக் கிடைத்த லாபம் 2.5 புள்ளி. நோயாளிக்குத் தெரியவேண்டிய ஆறு எங்கே, இது எங்கே.

விலை? மாத்திரைக்குக் கொடுக்கும் காசு குறைவுதான். சிறுநீரகம் கொடுப்பதுதான் அதிகம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறையாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த புரோஸ்டாகிளாண்டின்தான். சித்திரை வெயிலில் உளுந்து எடுக்கப் போகிறவர், அறுப்பு மிஷினில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர், ஒண்ணுக்குப் போனால் எரிகிறதே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர், இவர்கள் மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம். சர்க்கரை இருக்கிறவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் கெட்டிருக்கவும் கூடும். பத்துப் பதினைந்து நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு என்றால் சரி. மாதம் தாண்டினால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இந்த வலி மாத்திரைகளோடு செராட்டியோபெப்டிடேஸ் என்று ஒன்றையும் சேர்த்து அடித்து ‘வீக்கத்துக்கு’ என்று கொடுப்பது நம்மூர்ப் பழக்கம். பட்டுப்புழுவின் குடலில் இருந்த பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி அது. திருபுவனம் நெசவாளர் ஒருவரிடம் சொன்னபோது, “எங்க பட்டுலேர்ந்தா?” என்று சிரித்தார். அவருக்கும் நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து வரும் இதே வலிதான். ஜப்பானில் அதைக் கண்டுபிடித்து விற்ற கம்பெனியே, வெற்று மாத்திரையை விட மேல் என்று காட்ட முடியாமல், 2011-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே இன்னும் பட்டை பட்டையாக ஓடுகிறது.

ஸ்டீராய்டு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பிரெட்னிசோலோனை ஒரு மாதம் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்துச் சின்ன அளவில் ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. பலன் இல்லை. சர்க்கரையை ஏற்றும், முகத்தை ஊதவைக்கும் மருந்து, பலனும் இல்லையென்றால் எதற்கு?

மகரந்தமும் வெங்காயச் சத்தும்

மச்சான் அனுப்புகிற டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டில் ஒன்று. சிரிப்பதற்கு முன்னால் ஆய்வைப் பார்க்க வேண்டும். 2009-ல் ஜெர்மனியில் 139 ஆண்கள். எல்லோருக்கும் புராஸ்டேட்டை அமுக்கிய பின் எடுத்த சிறுநீரில் வெள்ளணுக்கள் இருந்தன. பாதிப் பேருக்கு ரை என்ற தானியம், மக்காச்சோளம் போன்ற புல் வகைகளின் மகரந்தத்திலிருந்து தயாரித்த செர்னில்டன் என்ற சாறு, எட்டு மணி நேரத்துக்கு இரண்டு கேப்ஸ்யூல், 12 வாரம். மீதிப் பேருக்கு வெற்றுக் கேப்ஸ்யூல். சாறு சாப்பிட்டவர்களில் 70.6 சதவீதம் பேருக்கு மதிப்பெண் ஆறு புள்ளியோ, இருந்ததில் கால்வாசியோ குறைந்தது. மற்றவர்களில் 50 சதவீதம். வித்தியாசம் 20 சதவீதம் பேர். பக்க விளைவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காசு உள்ள கம்பெனிகளின் பெரிய மருந்துகள் தடுக்கி விழுந்த இடத்தில் ஒரு புல்லின் மகரந்தம் நின்றிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் குறும்பான சந்தோஷம்.

ஆனால் உடனே தேன் கடைக்குப் போய் தேனீ மகரந்தம் வாங்கிவிடாதீர்கள். ஆய்வில் கொடுத்தது குறிப்பிட்ட செடிகளிலிருந்து, குறிப்பிட்ட முறையில், ஒவ்வாமை தரும் பகுதியை நீக்கி, ஒவ்வொரு கேப்ஸ்யூலிலும் அளவு மாறாமல் எடுத்த சாறு. தேனீ எந்தப் பூவிலிருந்து எதைக் கொண்டுவந்தது என்று தேனீக்குத்தான் தெரியும்.

அடுத்தது க்வெர்சிடின். வெங்காயத்தில் இருக்கும் சத்து. 1999-ல் 30 ஆண்களுக்கு ஒரு மாதம், தினம் இரு வேளை 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். க்வெர்சிடின் குழுவில் சராசரி மதிப்பெண் 21-லிருந்து 13.1-க்கு இறங்கியது. வெற்று மாத்திரைக் குழுவில் 20.2-லிருந்து 18.8-க்கு. 67 சதவீதத்துக்கு எதிராக 20 சதவீதம் பேருக்குக் குணம். எண்ணைப் பார்த்தால் இதுவரை சொன்னவற்றில் இதுதான் ராஜா. ஆனால் மொத்தமே 30 பேர், ஒரே மாதம். இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறியிருந்தால் சதவீதமே புரண்டிருக்கும். மகரந்தச் சாற்றையும் இதையும் எதிரெதிரே வைத்தால் நான் மகரந்தத்தின் பக்கம்தான் சாய்வேன். லாபம் சின்னது, ஆனால் நம்பலாம்.

“அப்ப தினம் சின்ன வெங்காயம் பச்சையா சாப்பிட்டா போதாதாண்ணே?” என்று கேட்டான் ஒரு பையன். நல்ல கேள்வி. நூறு கிராம் வெங்காயத்தில் இருப்பது இருபது முப்பது மில்லிகிராம் அளவுதான். ஆய்வில் கொடுத்த ஆயிரம் மில்லிகிராமுக்குத் தினம் மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். வீட்டில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

நெருஞ்சில் குடிநீரையும் இதே வரிசையில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நெருஞ்சில், நீர்முள்ளி எல்லாம் நீரைப் பெருக்கக் கொடுப்பது. தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியாகி எரிகிறதென்றால் கூடுதலாக நீர் போவதே ஆறுதல்தான், அதற்குக் குடிக்கலாம். உட்கார்ந்தால் வரும் வலி வேறு இடத்திலிருந்து வருகிறது.

பென்டோசான்: கண்ணைக் கேட்கும் மருந்து

சிறுநீர்ப்பை வலி நோய்க்கு 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து பென்டோசான் பாலிசல்ஃபேட். சிறுநீர்ப்பையின் உள்பூச்சைச் சரிசெய்யும் என்பது எண்ணம். அங்கே வழக்கமான அளவு தினம் 300 மில்லிகிராம். புராஸ்டேட் வலிக்கு 2005-ல் அதைப்போல மூன்று மடங்கு, 900 மில்லிகிராம், 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நூறு ஆண்கள். நன்றாகக் குணம் என்று சொன்னவர்கள் 37 சதவீதம், வெற்று மாத்திரையில் 18. மதிப்பெண் சராசரியில் மட்டும் வித்தியாசம் உறுதிப்படவில்லை.

இதை மகரந்தச் சாற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரச்சினை மூன்றாவது கேள்வியில். நெடுநாள் பென்டோசான் சாப்பிட்டவர்களின் விழித்திரையில் நிறமிப் படலம் கெடுவதை 2018-ல் கண் மருத்துவர்கள் கவனித்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டிலேயே எச்சரிக்கை ஏறியது. மொத்தமாக எவ்வளவு சாப்பிட்டிருக்கிறோம் என்பதோடு இந்தப் பாதிப்பு சேர்ந்து வருகிறது, இங்கே கொடுத்ததோ மூன்று மடங்கு. சிறுநீர்ப்பை நிரம்பும்போது வலி, போனால் ஆறுதல் என்கிறவருக்கு டாக்டர் எழுதினால் கண் பரிசோதனையோடு சாப்பிடலாம். மற்றவருக்கு வேண்டாம்.

இரண்டு ஊசிகள்

டானெஸுமாப் என்ற ஊசியின் நோக்கம் நல்லதாகத்தான் இருந்தது. இந்த நோயாளிகளின் விந்துத் திரவத்தில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கூடுதலாக இருக்கிறது. வலி நரம்புகளை அது கூர்மையாக்கிவிடும். அந்தப் புரதத்தையே பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புப் புரதம் டானெஸுமாப். நரம்பு வழியாக 20 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை, 62 ஆண்கள், ஆறாவது வாரம் கணக்கு. 2012-ல் வந்த முடிவு: லேசான முன்னேற்றம், உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. அதற்குள் வேறு ஆய்வுகளில் இதே மருந்து போட்ட சிலருக்கு மூட்டு சீக்கிரமே தேய்ந்து போனதால் 2010-ல் சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு மூட்டு வலிக்கே கொண்டுவரப் பார்த்தும் 2021-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிர்த்து வாக்களித்தது. கம்பெனி அந்த மருந்தைக் கைவிட்டுவிட்டது.

தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியின் கதை எதிர்ப்பக்கம். ஈரானில் 60 ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி புராஸ்டேட்டுக்குள்ளேயே போட்டாக்ஸ் போட்டார்கள். 2015-ல் வெளிவந்த அந்த முடிவைக் காக்ரேன் குழு கணக்கிட்டபோது, வெற்று ஊசியை விட 25.8 புள்ளி லாபம் என்று வந்தது. மொத்த அளவுகோலே 43 என்பதை நினைத்துப் பாருங்கள். வேறு எந்தச் சிகிச்சையும் ஆறு ஏழைத் தாண்டத் திணறும்போது ஒன்று மட்டும் 25 என்றால் எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை, சந்தேகம்தான் வருகிறது. அதே போட்டாக்ஸை இடுப்படித் தசையில் போட்ட ஆய்வில் லாபம் 2.6 மட்டும். இன்னும் நாலு இடத்தில், இன்னும் நிறையப் பேருக்குச் செய்து இதே எண் வரட்டும், அப்புறம் பார்க்கலாம். அதுவரை யாராவது தனியாரில் பெரிய தொகை சொல்லிக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

அதிர்வலையா, அக்குபங்சரா?

மருந்தே இல்லாத இந்த இரண்டும் அழற்சி, ரத்த ஓட்டம், நரம்பின் உணர்ச்சி எல்லாவற்றையும் தொடுகின்றன என்கிறார்கள். இன்றைய தேதியில் உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான் என்பது என் எண்ணம்.

அதிர்வலைச் சிகிச்சையில் விதைப்பைக்குப் பின்னால் கருவியின் தலையை வைத்து, வாரம் ஒரு முறை 3,000 அலைகள் வீதம் நான்கு வாரம் கொடுக்கிறார்கள். கல்லை உடைக்கும் அலையின் சாதுவான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009-ல் 60 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில் போலிச் சிகிச்சைக்கு நல்ல உபாயம் செய்திருந்தார்கள்: அதே தலை, அதே இடம், ஆனால் உள்ளே ஒரு காற்றடுக்கு, அலை அதைத் தாண்டாது. அலை பட்டவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. காக்ரேன் 2018-ல் போட்ட கணக்கில் லாபம் ஆறு புள்ளிக்குச் சற்று மேல். அந்த ஆறு புள்ளிக் கோட்டைத் தொட்ட வெகுசில சிகிச்சைகளில் இது ஒன்று. ஆனால் பலன் நாளாக ஆகத் தேய்ந்துவிடக்கூடும் என்றும் அதிலேயே இருக்கிறது.

அக்குபங்சருக்கு அதே கணக்கில் கிடைத்தது சுமார் 5.8. காகிதத்தில் அதிர்வலை ஜெயித்தது போலத் தெரியும். நிறுத்திய பிறகு என்ன மிச்சம் என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. 2021-ல் சீனாவில் 440 ஆண்கள். இந்த நோய்க்கு நடந்தவற்றில் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று. எட்டு வாரத்தில் 20 அமர்வுகள். ஒரு பாதிக்கு உண்மையான ஊசி, மறுபாதிக்குப் புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. எட்டாவது வாரத்தில் ஆறு புள்ளி குறைந்தவர்கள் 60.6 சதவீதம், போலியில் 36.8. அதோடு ஊசியை நிறுத்திவிட்டார்கள். 24 வாரம் கழித்து மறுபடி கேட்டபோது 61.5-க்கு 38.3. அதாவது ஆறு மாதம் சும்மா இருந்தும் இடைவெளி சுருங்கவே இல்லை. மலேசியாவில் பினாங்கில் 89 ஆண்களோடு 2008-ல் நடந்த ஆய்வில் அவ்வளவு நிலைக்கவில்லை: பத்தாவது வாரத்தில் 73-க்கு 47, பிறகு நெடுநாள் பலன் 32-க்கு 13 என்று தேய்ந்தது. இருந்தாலும் இடைவெளி இருந்தது.

வலி மாத்திரை நிறுத்தியதும் காலி. அதிர்வலை மெல்லத் தேயும். ஊசி கொஞ்சம் தங்கும். என் ஓட்டு அக்குபங்சருக்கு.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. டெல்டாவில் அக்குபங்சர் போர்டு இல்லாத ஊர் இல்லை. அதில் பாதிப் பேர் ஊசியே குத்துவதில்லை, ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அனுப்புகிறார்கள். கூடவே எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வில் நடந்தது வேறு: முதுகின் கீழ்ப்பகுதியிலும் காலிலும் ஆழமாக ஊசி ஏற்றி, அரை மணி நேரம் வைத்திருந்து, வாரம் இரண்டு மூன்று முறை. அரசு மருத்துவமனைகளில் யோகா இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கும் இடங்களில் ஐந்தரை வருடம் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே விசாரியுங்கள். எட்டு வாரத்தில் இருபது தடவை பஸ் ஏறுவதுதான் இதன் உண்மையான விலை. நடவு நேரத்தில் நடக்காது. தை அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் மாதங்களில் தொடங்கினால் முடித்துவிடலாம்.

எலி மட்டும் சொன்னது

செட்ரிசின் கேட்டும் ஓர் இளைஞர் வந்தார், தும்மலே இல்லாமல். விஷயம் இதுதான். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு அவற்றின் உடம்பே புராஸ்டேட்டைத் தாக்கும்படி செய்து, அடிவயிற்றில் மெல்லிய இழைகளால் தொட்டுப் பார்ப்பார்கள். வலி இருக்கும் எலி, மற்ற எலிகள் கண்டுகொள்ளாத லேசான இழைக்கே துள்ளும். 2012-ல் அவர்கள் கண்டது: மாஸ்ட் செல் என்ற நோய் எதிர்ப்பு அணு வெடித்து விடும் பொருள்களே வலிக்குப் பெரிய காரணம். அந்த அணுவை அடக்கும் க்ரோமோலினையும், அது விடும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் செட்ரிசினையும் சேர்த்துக் கொடுத்தபோது எலிக்கு வலி குறைந்தது. நோயாளிகளிடமும் மாஸ்ட் செல் நொதி கூடுதலாக இருப்பதையும் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்த யோசனை இது, ஏனென்றால் முந்தைய தோல்விகளுக்கு இதில் விளக்கம் இருக்கிறது. 2002-லேயே ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, புராஸ்டேட் திரவத்தில் வெள்ளணு அதிகம் உள்ளவருக்கு வலி அதிகம் என்று இல்லை எனக் காட்டியது. நாம் எண்ணிக்கொண்டிருந்தது ஒரு அழற்சியை, வலியைத் தூண்டுவது இன்னொன்று. ஆனால் எலி சொன்னதை வைத்து மனிதனுக்கு மாத்திரை கொடுக்க முடியாது. செட்ரிசின் மட்டும் தனியாக வாங்கிப் போட்டால் டிராக்டரில் தூக்கம் வரும், அது ஆபத்து.

சரி, எதில் தொடங்குவது?

கல்ச்சர் சுத்தமாக இருந்தால் ஆன்டிபயாடிக் கேட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் சிறுநீரக அறுவை மருத்துவரை ஒரு முறையாவது பாருங்கள். அவர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும்போது புராஸ்டேட் வலிக்கிறதா, பக்கத்துத் தசை வலிக்கிறதா என்பது முக்கியம். 2009 முதல் டாக்டர்கள் இந்த நோயாளிகளை ஆறு கூறாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: சிறுநீர், மனம், புராஸ்டேட், கிருமி, நரம்பு, தசை. தசைதான் வலிக்கிறது என்றால் மேலே சொன்ன அழற்சி மருந்துகள் பெரிதாக உதவாது, பிசியோதெரபிதான். தினம் வேகமாக நடப்பதும் கொஞ்சம் குறைக்கும். இத்தாலியில் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆண்களை 18 வாரம் நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். காசு இல்லாமல் செய்யக்கூடியது, வயல்வெளியில் இடத்துக்கா பஞ்சம்?

புராஸ்டேட்தான் வலிக்கிறது, அமுக்கிய பின் எடுத்த சிறுநீரில் வெள்ளணுவும் இருக்கிறது என்றால் என் வரிசை இப்படி: வலி ஏறிய வாரங்களுக்கு மட்டும் குறுகிய காலம் வலி மாத்திரை, இதயக் கோளாறு உள்ளவர் அதையும் டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம். அடுத்து, வாங்க வசதி இருந்தால், மகரந்தச் சாறு. அது கிடைக்கவில்லையென்றால் க்வெர்சிடின். வயல் வேலை ஓய்ந்ததும் அக்குபங்சர். அதிர்வலை திருச்சியிலோ சென்னையிலோ கிடைத்து, நாலு வாரம் போய்வர முடியும் என்றால் அதன் பிறகு. பென்டோசான் சிறுநீர்ப்பைக்காரர்களுக்கு மட்டும்.

ஐம்பது தாண்டியவர்கள் வலி உச்சத்தில் இருக்கும்போது, புராஸ்டேட்டில் ஊறும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏ டெஸ்ட் எடுத்துவிட்டுப் புற்றுநோய் என்று பயந்து ஓடிவருவது உண்டு. அழற்சியே அந்த எண்ணை ஏற்றும். தணிந்த பிறகு திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

எதைத் தொடங்கினாலும் அந்த ஒன்பது கேள்விக்கும் முதல் நாளே பதில் எழுதி, மொத்தம் எவ்வளவு என்று நோட்டில் போட்டு வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கினால் எது கேட்டது என்று தெரியாது. ஆறு வாரத்தில் ஆறு புள்ளி இறங்கவில்லையென்றால் நோட்டைக் காட்டி, மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மகரந்தச் சாற்றுக்கு 12 வாரமும் அக்குபங்சருக்கு எட்டு வாரமும் பொறுங்கள், ஆய்விலேயே அவற்றுக்கு அவ்வளவு நாள் கொடுத்திருக்கிறார்கள்.